வண்டிக்கு யார் ஜாமீன்?

தமிழ்நாட்டுல "கேரவன்"னு சொன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இந்த எபிசோடு அதைப் பத்தி இல்ல. படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி, கழிப்பறை எல்லாத்தையும் சக்கரத்து மேல ஏத்திக்கிட்டு, ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு ஓட்டிட்டுப் போற வண்டிகளைப் பத்தி. எஞ்சினும் வீடும் ஒரே உடம்பா இருந்தா அது மோட்டார்ஹோம். வீட்டைத் தனியாச் செஞ்சு காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்தா அது டிரெய்லர். இன்னைக்கு ரெண்டுமே வரும்.

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வேனோட பின்கதவு திறக்கும், வெளியே ஒரு ஏரி, கையில காபி. கீழே கமென்ட்ல எப்பவும் ஒரு சண்டை ஓடும். "தனியா போனாத்தான் சுதந்திரம்"னு ஒரு கட்சி. "குரூப்பா போறதுதான் பாதுகாப்பு"ன்னு இன்னொரு கட்சி. ஏதோ இது அவங்கவங்க குணத்தைப் பொறுத்த விஷயம் மாதிரி ரெண்டு பக்கமும் பேசுவாங்க.

இந்த வண்டிகளோட வரலாற்றைப் படிச்சா வேற ஒண்ணு தெரியுது. ஒரு வீடு எல்லையைத் தாண்டணும்னா, "இந்த வண்டி திரும்பிப் போயிடும், இந்த ஆளும் திரும்பிப் போயிடுவார்"னு யாராவது ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். அந்த ஜாமீன் யார்கிட்ட இருந்து கிடைச்சுதுங்கிறதை வச்சுத்தான் தனியா போறதா, குழுவா போறதாங்கிறது முடிவாகியிருக்கு. நம்ம ஊர்ல "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்"னு சொல்லுவாங்க. அந்த வீட்டுக்குச் சக்கரம் வச்சு எல்லை தாண்டிப் பார்த்தவங்க கதைதான் இன்னைக்கு.

எல்லையே இல்லாத பயணம்

முதல்ல 1885-க்குப் போவோம். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். பிரிஸ்டல் நகரத்தில் ரயில் பெட்டிகளும் வண்டிகளும் செய்த ஒரு நிறுவனத்திடம் சொல்லி, தனக்கென்று ஒரு வீட்டு வண்டி செய்துகொண்டார். பெயர் "வாண்டரர்". எடை ஏறக்குறைய இரண்டு டன். இழுத்தவை இரண்டு குதிரைகள். அதுவரை வண்டியிலேயே வாழ்வது நாடோடிகளின் வாழ்க்கை. வசதியான ஒருவர் பொழுதுபோக்குக்காக அப்படிக் கிளம்பியது அங்கே புதுசு.

இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். கூட ஒரு வண்டிக்காரர், ஒரு பணியாள், ஒரு கிளி. பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னாடியே போய், குறுகலான சாலையில் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க வேண்டும். அதாவது, "தனியாகச் சுதந்திரமாகப் பயணம்" என்று பேர் வாங்கிய அந்த முதல் பயணத்திலேயே சம்பளத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

அதைவிட முக்கியம், அந்தப் பாதையில் ஒரு சோதனைச் சாவடியும் இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டும் ஒரே அரசு. ஸ்டேபிள்ஸை யாரும் "வண்டிக்குப் பேப்பர் எங்கே?" என்று கேட்கவில்லை. அதனால் அவருடைய கதையில் மழை, மேடு, குதிரைத் தீவனம் என்று இயற்கையோடு மட்டுமே போராட்டம். எல்லை தாண்டுகிற வண்டிகளின் கதையில்தான் குமாஸ்தா வருகிறார்.

கார்னே என்றொரு புத்தகம்

ஒரு நாட்டுச் சுங்கத் துறையின் கண்ணால் பாருங்க. உங்களுக்கு அது வீடு, கனவு, ரீல்ஸ். அவங்களுக்கு அது ஒரு சரக்கு. வெளிநாட்டுல செஞ்ச, விலை உயர்ந்த, வரி கட்டாத ஒரு வாகனம். உள்ளே வந்து அதை நீங்க வித்துட்டுப் போயிட்டா? அரசுக்கு வரி நஷ்டம். ஒவ்வொரு எல்லையிலயும் முழு இறக்குமதி வரியையும் கட்டி, வெளியே போகும்போது திரும்ப வாங்குறதுங்கிறது யாராலயும் முடியாத காரியம்.

இதற்கான தீர்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய மோட்டார் சங்கங்களிடமிருந்து வந்தது. பிரெஞ்சில் அதன் பெயர் "கார்னே டி பசாஜ்". சுருக்கமாகக் கார்னே. வண்டிக்கான பாஸ்போர்ட் என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அது ஜாமீன் பத்திரம்.

எப்படி வேலை செய்யும் என்றால், உங்கள் ஊர் ஆட்டோமொபைல் சங்கத்திடம் போய், வண்டியின் மதிப்பையும் நீங்கள் போகப்போகும் நாடுகளின் வரி விகிதத்தையும் பொறுத்து ஒரு தொகையை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும், அல்லது வங்கி உத்தரவாதம் தர வேண்டும். அவர்கள் ஒரு புத்தகம் தருவார்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது ஒரு துண்டைச் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார். வெளியேறும்போது இன்னொரு துண்டு போகும். மூன்றாவது, இரண்டு முத்திரையோடும் உங்களிடமே இருக்கும். பொதுவாக ஒரு வருடம் செல்லும்.

கோடிங் பண்றவங்களுக்குச் சுலபமாப் புரியும்: திறந்த ஃபைலை மூடணும். உள்ளே வந்த முத்திரை இருந்து வெளியே போன முத்திரை இல்லைன்னா, அந்த நாடு சங்கத்துகிட்ட வரியைக் கேக்கும். சங்கம் உங்க டெபாசிட்ல கை வைக்கும்.

1954 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டில், தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவருவது பற்றி ஓர் உடன்படிக்கை உருவானது. அதன் பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவுக்குள் வெளிநாட்டு வண்டியை ஓட்டிவர இன்றைக்கும் கார்னே வேண்டும். நம் ஊர் வண்டியை இப்படிப்பட்ட நாடுகளுக்கு ஓட்டிப் போவதற்கும் வேண்டும். அதை இங்குள்ள ஆட்டோமொபைல் சங்கங்கள் வழியாக வாங்கலாம்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கார்னே இருந்தா தனி ஆளா எல்லையில போய் நிக்கலாம், ஏன்னா உங்களுக்குப் பின்னாடி ஒரு சங்கமும் ஒரு பெரிய தொகையும் நிக்குது. அது இல்லாத இடத்துல, அல்லது அது மட்டும் போதாத இடத்துல என்ன பண்ணுவீங்க? கூட்டமாப் போவீங்க.

வெள்ளி நிற வண்டிகளின் ஊர்வலம்

கூட்டமாகப் போவதை ஒரு கலையாகவே மாற்றியவர் அமெரிக்கர் வாலி பயம். 1896-ல் ஒரிகன் மாநிலத்தில் பிறந்தவர். 1931-ல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கினார். அலுமினியத் தகடு போர்த்திய, விமானத்தின் உடம்பைப் போல வழவழப்பான அந்த வெள்ளி நிற டிரெய்லர்களை ஹாலிவுட் படங்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

1951-ன் கடைசியில், அமெரிக்காவின் எல்லையிலிருக்கும் எல் பாசோ நகரத்திலிருந்து மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று கீழே இறங்கிப்போக ஒரு கூட்டுப் பயணத்துக்கு அழைத்தார். 63 டிரெய்லர்கள் வந்து நின்றன. அந்தக் கண்டத்தின் நெடுஞ்சாலையோ அப்போது முழுசாகப் போட்டு முடிக்கப்படவில்லை. சேறு, ஆறு, உடைந்த அச்சு என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசி வரை தாக்குப்பிடித்தவை 14 வண்டிகள்.

யாரா இருந்தாலும் இதோட போதும்னு விட்டிருப்பாங்க. பயம் விடலை. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, ஆளுக்குப் பயமே கிடையாது. 1955-ல் கனடாவின் கென்ட்வில் என்ற ஊரில் கூடிய பயணிகள் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஐரோப்பா. 1959-ல் ஆப்பிரிக்கா: தெற்கு முனையில் கேப் டவுன் முதல் வடக்கே கெய்ரோ வரை. 41 ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள், 106 பேர். ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலி செலாசியைச் சந்தித்தார்கள். 1960-ல் பிரமிடுகளுக்கு முன்னால் அந்த வெள்ளி வண்டிகள் வரிசையாக நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது.

இந்தக் கூட்டம் எப்படி நகர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண். இரவில் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வட்டமாக நிறுத்துவார்கள். யாருடைய வண்டி பழுதானாலும் கூட்டத்துக்குள்ளேயே மெக்கானிக் உண்டு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை, அரசாங்கங்களோடு முன்கூட்டியே பேசி வைப்பது. நூறு அமெரிக்கர்கள் சேர்ந்து வந்தால் அது உல்லாசப் பயணம் என்பதையும் தாண்டி, ஒரு நல்லெண்ணத் தூதுக்குழு மாதிரி ஆகிவிடுகிறது. பனிப்போர் காலத்தில் அதற்கு நல்ல மதிப்பு இருந்தது. ஒரு தனிக் குடும்பம் ஒரு டிரெய்லரோடு போய் நின்றிருந்தால் அரண்மனைக் கதவு திறந்திருக்குமா? யோசிச்சுப் பாருங்க.

அதே படத்தோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1959-ல் அந்தக் கண்டத்தின் தெற்குப் பாதியில் பெரும்பகுதி இன்னும் ஐரோப்பியர்களின் கையில். ரொடீசியா, பெல்ஜிய காங்கோ, உகாண்டா, கென்யா என்று அவர்கள் கடந்த நாடுகளுக்கான முடிவுகள் லண்டனிலும் பிரசெல்சிலும் எடுக்கப்பட்டன. இரண்டு மூன்று தலைநகரங்களில் பேசினால் பாதிக் கண்டம் திறந்தது.

அவர்கள் கிளம்பிய தென்னாப்பிரிக்காவிலோ, கறுப்பின மக்கள் சொந்த நாட்டின் நகரங்களுக்குள் நடமாடவே அடையாளப் புத்தகம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். கையில் அது இல்லாவிட்டால் கைது. அந்தச் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டோடு ஒரு கண்டத்தைக் கடந்த அதே காலத்தில், உள்ளூர்க்காரர் பக்கத்து ஊருக்குப் போகக் காகிதம் கேட்கப்பட்டது. அந்தப் பிரமிடு புகைப்படத்தைப் பார்க்கும்போது எனக்கு இதுவும் சேர்ந்தே ஞாபகம் வருது.

லண்டன் முதல் கல்கத்தா வரை

இப்போ நம்ம பக்கம் வருவோம். அதே வருடங்களில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு ஒரு தரைவழி திறந்தது. துருக்கி, ஈரான், பிறகு ஆப்கானிஸ்தான் அல்லது பலுசிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா. இந்தப் பாதையில் எல்லா வகைப் பயணங்களும் நடந்தன. மூன்று வகையைச் சொல்றேன்.

முதல் வகை, செல்வாக்குள்ள தனிப்பயணம். 1955 செப்டம்பர் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். இந்தியாவைக் கடந்து, இரண்டாம் உலகப் போரில் போட்ட லெடோ சாலை வழியாக அசாமிலிருந்து பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூரில் போய் நின்றார்கள். பிபிசியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்து உதவினார். சும்மா ஆறு பசங்க ஊர் சுத்தக் கிளம்பின கதையாத் தெரியும். ஆனா இரண்டு புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பெயர், கார் நிறுவனத்தின் ஆதரவு, பிபிசியின் படச்சுருள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால் இருந்தன. அதுவும் ஒரு ஜாமீன்தான்.

இரண்டாம் வகை, காசு கொடுத்துக் குழுவாகப் போவது. 1957 ஏப்ரல் 15 அன்று ஆஸ்வால்ட் ஜோசப் கேரோ-ஃபிஷர் என்பவர் "இந்தியாமேன்" என்ற பஸ்ஸை லண்டனிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். 20 பயணிகள். ஒரு வழிக் கட்டணம் 85 பவுண்டு. ஜூன் 5 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. இன்னும் இரண்டு வருடம் கழித்து, ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த கேயார்க் ஹோல்ட்ல் என்ற பஸ் நிறுவனக்காரர், பஸ்ஸோடு படுக்கை அறைகளையும் இணைத்துப் பயணிகளை ஜெருசலேம் வரை கூட்டிப்போனார். ஆளுக்கு ஒரு சின்னப் பொந்து மாதிரி படுக்கை, சமையல் வசதி, எல்லாம் ஒரே வண்டியில். "ரோட்டல்" என்று பெயர். உருளும் ஹோட்டல் என்பதன் சுருக்கம். மோட்டார்ஹோமையும் டூர் பஸ்ஸையும் ஒண்ணாச் சேர்த்த மாதிரி. அந்தச் சிவப்பு பஸ்கள் பிறகு இந்தியாவுக்கும் வந்தன.

மூன்றாம் வகைதான் நாம் ரீல்ஸில் பார்க்கும் கனவின் தாத்தா: சொந்த வேன். 1947-ல் பென் பொன் என்ற டச்சு வியாபாரி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது வோக்ஸ்வேகன் வேன். 1950-ல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் வைக்கிற மாதிரி படுக்கையும் அலமாரியும் செய்து கொடுத்தது. 1960-களில் அந்த வேன்களும் பழைய பஸ்களும் ஹிப்பிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்தன.

இஸ்தான்புல்லில் 1957-ல் தொடங்கிய லாலே என்ற உணவகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "புட்டிங் ஷாப்". அங்கே ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. "வேன்ல ரெண்டு இடம் காலி", "டெல்லி வரைக்கும் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துக்க ஆள் வேணும்" என்கிற மாதிரி சீட்டுகளை அதில் குத்தி வைப்பார்கள். அந்தக் காலத்து வாட்ஸ்அப் குரூப்.

1972-ல் டோனி, மோரீன் வீலர் தம்பதி லண்டனில் 65 பவுண்டுக்கு ஒரு பழைய மினிவேன் வாங்கி ஆப்கானிஸ்தான் வரை ஓட்டிவந்து, காபூலில் அதை விற்றுவிட்டு மேலே பயணம் தொடர்ந்தார்கள். சிட்னியில் போய் இறங்கியபோது கையில் மிச்சம் 27 சென்ட். அந்த அனுபவத்தை வைத்து 1973-ல் போட்ட சின்னப் புத்தகத்திலிருந்து வளர்ந்ததுதான் லோன்லி பிளானட்.

இவங்க எல்லாரும் தைரியசாலிகள்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா 27 சென்ட்டோட ஒரு நாட்டுல போய் இறங்குறதுக்குத் தைரியம் மட்டும் போதாது. அதைக் காட்டினதும் அதிகாரி சந்தேகப்படாத பாஸ்போர்ட்டும் வேணும்.

எதிர்த்திசையில் யாரும் வரலையா?

அந்தப் பாதை ரெண்டு பக்கமும் ஒரே நீளம்தான். லண்டன்ல இருந்து டெல்லிக்கு எத்தனை கிலோமீட்டரோ, டெல்லியில இருந்து லண்டனுக்கும் அத்தனைதான். அப்புறம் ஏன் அந்த வருஷங்கள்ல நம்ம ஆட்கள் வேன் எடுத்துக்கிட்டு சாரை சாரையா மேற்கே போகலை?

"நம்மாளுக்கு வீட்டை விட்டு வர மனசு வராது" என்று சொல்வது சுலபம். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் ஃபிஜிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறிப் போன மக்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. காரணம் காகிதத்தில் இருக்கு.

1967 வரை இந்தியாவில் பாஸ்போர்ட் என்பது உரிமை இல்லை. அரசு விரும்பினால் தரும், விரும்பினால் திரும்பக் கேட்கும். அதை முறைப்படுத்த ஒரு முழுமையான சட்டமே கிடையாது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற தொழிலதிபரிடம் அரசு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டபோது அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1967 ஏப்ரலில், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது: வெளிநாடு போகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் அதே வருடம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

சரி, பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. பணம்? நாட்டில் அந்நியச் செலாவணி பஞ்சம். 60-களிலும் 70-களிலும் வெளிநாடு போனவர்கள் "எட்டு டாலரோடு விமானம் ஏறினேன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், இல்லையா? சொந்தமாகச் சம்பாதித்த ரூபாய் எவ்வளவு இருந்தாலும், டாலராக மாற்ற அரசின் அனுமதி வேண்டும். எட்டு டாலரை வைத்து ஈரானைத் தாண்ட எவ்வளவு பெட்ரோல் போட முடியும்? கார்னேவுக்கு வேற டெபாசிட் கட்டணும்.

இதையும் வீலர் தம்பதியோட 27 சென்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. காசு இல்லாத பயணம் ஒருத்தருக்குச் சாகசம். அதே காசு இல்லாத நிலை இன்னொருத்தருக்கு எல்லையில திருப்பி அனுப்பக் காரணம். சாலை அதேதான், மலையும் அதேதான். பின்னால ஜாமீன் நின்ன நாடுதான் வேற.

கதவு மூடினபோது, திறந்தபோது

1979 பிப்ரவரியில் ஈரானில் புரட்சி வென்றது. அதே வருடம் டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. ஒரே வருடத்தில் அந்த நீண்ட பாதையின் நடுப்பகுதி போய்விட்டது. வேன்கள் பழுதாகவில்லை, யாருக்கும் ஆசை விட்டுப் போகவுமில்லை. நடுவில் இரண்டு நாடுகளின் நிலைமை மாறியது, அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில், ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தபோது, உறுப்பு நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனை போனது. ஒரு ஜெர்மானிய ஓய்வூதியக்காரர் காலையில் வீட்டிலிருந்து மோட்டார்ஹோமைக் கிளப்பினால் போர்ச்சுகல் கடற்கரை வரை யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை என்ற நிலை வந்தது. குழுவோ கார்னேவோ அவருக்குத் தேவைப்படவில்லை. ஏனென்றால் நாடுகளே ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றுகொண்டன.

அதே ஓய்வூதியக்காரர் சீனாவுக்குப் போக ஆசைப்பட்டால், உடனே குழு தேடுவார். வெளிநாட்டு வண்டி சீனாவுக்குள் வர வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் அனுமதி. தற்காலிக நம்பர் பிளேட், ஓட்டுநர் அனுமதி, கூடவே ஒரு வழிகாட்டி. வழிகாட்டியின் செலவை ஒரே வண்டி சுமந்தால் கட்டுபடியாகாது. பத்து வண்டி பகிர்ந்தால் சமாளிக்கலாம். தாய்லாந்தும் 2016-ல், சில அண்டை நாடுகளைத் தவிர மற்ற வெளிநாட்டு வண்டிகள் சுற்றுலா நிறுவனம் மூலமாகத்தான் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

ஆக, ஒரே மனுஷர் போர்ச்சுகலில் தனிப் பறவை, சீனாவில் கூட்டத்தில் ஒருவர். அவர் குணம் நடுவுல எங்கேயும் மாறலை.

இப்போ நாம

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு நம்ம ஊர்ல ஒருத்தர் ஐரோப்பாவுல மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து ரெண்டு வாரம் சுத்தணும்னு வச்சுக்கோங்க. வாடகை ஓட்டுனர் உரிமம் ரெண்டும் சரி: இங்கே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கலாம். சாதாரண கார் லைசென்ஸுக்கு அங்கே 3,500 கிலோ வரைதான் அனுமதிங்கிறதால அந்த எடைக்குள்ள இருக்கிற வண்டியைப் பார்த்துக்கணும்.

ஆனா விசா விண்ணப்பத்துல ஒரு இடம் இருக்கு. எங்கே தங்கப் போறீங்கன்னு ஆதாரம் காட்டணும். மோட்டார்ஹோமோட மொத்த அர்த்தமே, ராத்திரி எங்கே தூங்குறதுங்கிறதைச் சாயங்காலம் முடிவு பண்ணலாம்ங்கிறதுதான். நாம அதை மாசக்கணக்கா முன்னாடியே முடிவு பண்ணி, முகாம் இடங்களை முன்பதிவு செஞ்சு, பிரிண்ட் எடுத்து, வங்கிக் கணக்கு விவரத்தோட சேர்த்துக் கொடுக்கணும். எந்த வளைவுல எந்த ஏரி வரும்ங்கிறது உட்பட, நம்ம "திட்டமில்லாத பயணம்" ஒரு ஃபைலுக்குள்ள பத்திரமா இருக்கும்.

இங்கிருந்தே சொந்த வண்டியில் லண்டன் போக நினைப்பவர்களுக்குப் பாகிஸ்தான் வழி இல்லை; 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச் சாவடியும் மூடப்பட்டது. நேபாளம், திபெத் என்று போனால் சீனாவின் விதி. அதாவது வழிகாட்டி, அதாவது குழு. 1957-ல் ஒரு பஸ்காரர் 85 பவுண்டுக்கு டிக்கெட் போட்டு வித்த பாதை, இவ்வளவு நல்ல சாலைகளும் வண்டிகளும் வந்த பிறகு இன்னைக்குக் கஷ்டமாகியிருக்கு.

இதைக் கேட்டு மனசு விட்டுடணும்னு நான் சொல்லலை. போறவங்க போய்க்கிட்டுத்தான் இருக்காங்க, நீங்களும் போங்க. கூட்டமாப் போற இந்தியக் குடும்பத்தைப் பார்த்து "இவங்களுக்குத் தனியாப் போகத் தெரியாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்களுக்கு அந்தக் கூட்டம்தான் கார்னே. அதே மாதிரி, தனியாப் போற ஒருத்தரோட வீடியோவைப் பார்த்து உங்களை நீங்களே குறைச்சுக்கவும் வேண்டாம். அடுத்த தடவை ஏரிக்கரையில வேன் கதவு திறக்கிற ரீல் வந்தா, ஒரு நொடி நிறுத்தி வண்டியோட நம்பர் பிளேட்டைப் பாருங்க. எந்த நாட்டு வண்டின்னு தெரிஞ்சா, அது அந்த ஏரி வரைக்கும் வந்த கதையில பாதி புரிஞ்சிடும்.

உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்கள்லயோ, 70-கள்ல அந்த எட்டு டாலரோட வெளிநாடு போனவங்க இருந்தா, அவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க. எந்த அலுவலகத்துல எத்தனை நாள் நின்னாங்க, யார் கையெழுத்துப் போட்டாங்க, யார் பணம் கட்டினாங்கன்னு கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அதை வச்சே ஒரு எபிசோடு பண்ணலாம்.